ஜப்பான் கணக்கு எங்கள் அப்பாவுக்குப் பொருந்துமா?

கேள்வி: டொக்டர், நான் விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 61 வயது, வயல் செய்கிறவர். போன வருடம் சிறுபோகம் வெட்டின நாளிலிருந்தே வயிறு எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாமசியில் காஸ்ட்ரிக் குளிசை வாங்கிக் குடிப்பார். குடித்தால் சுகம், விட்டால் திரும்பத் தொடங்கும். இப்போது 9 கிலோ மெலிந்துவிட்டார். நாலு கவளம் சோறு உள்ளே போனதும் வயிறு நிரம்பிவிட்டது என்கிறார். கமரா விட்டுப் பார்த்ததில் இரைப்பையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு புண் இருந்தது. பயொப்சியில் கான்சர் என்று வந்துவிட்டது. ஸ்கானில் வேறிடத்துக்குப் பரவினதாகத் தெரியவில்லையாம். முதலில் கீமோ, பிறகு ஒப்பரேசன், அதற்குப் பிறகும் கீமோ என்கிறார்கள்.

கனடாவில் இருக்கிற அண்ணா இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறார். இந்த நோயில் ஜப்பான், கொரியாவில் 100 பேரில் 60, 70 பேர் தப்புகிறார்களாம். வெள்ளைக்காரரின் நாடுகளில் 20, 30 பேர்தானாம். ரோட்டுக்கரைக் காணியை விற்றாவது அப்பாவை வெளியே கொண்டுபோவோம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். மச்சான், "நாங்களும் ஆசியாக்காரர்தானே, எங்களுக்கு ஜப்பான் கணக்குத்தான்" என்கிறார். சின்னம்மா கத்தி வைத்தால் பரவும் என்று அழுகிறா. அப்பாவுக்கு இன்னும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. எந்தக் கணக்கு எங்களுடையது? நாங்கள் என்ன செய்ய?

பதில்: பிள்ளை, கடிதத்தோடு நீங்கள் அனுப்பின கமரா அறிக்கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் மடித்த இடத்தில் இரண்டு வரி மறைந்துவிட்டது. ஆனாலும் தேவையானது தெரிகிறது. புண் இரைப்பையின் வாசற்பக்கத்தில், அதாவது உணவுக்குழாய் வந்து சேருகிற இடத்தில் இல்லை. குடலுக்குத் திறக்கிற கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு வருகிறேன்.

அண்ணா பார்த்த கணக்கு பொய்யில்லை. 2010 முதல் 2014 வரை நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களை வைத்து உலகளவில் எடுத்த கணக்கில், 5 வருடம் தாண்டினவர்கள் தென்கொரியாவில் 100க்கு 69 பேர், ஜப்பானில் 60, அமெரிக்காவில் 33, பிரித்தானியாவில் 21. ஒரே நோய்க்கு இவ்வளவு வித்தியாசம் என்றால் யாருக்கும் தலை சுற்றும்தான். 5 வருடம் என்றதும் அதோடு ஆயுள் முடிகிறது என்று எடுத்துவிடாதீர்கள். இரைப்பைப் புற்றுநோய் திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் வந்துவிடும். 5 வருடம் தாண்டினவரைத் தப்பினவர் என்றே எடுக்கலாம். அதனால்தான் அந்த இடத்தில் எல்லைக்கல் போட்டிருக்கிறார்கள்.

அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். உள்ளே இருப்பதில் பெரும்பங்கு இரத்தமும் இனமும் இல்லை.

முதற்காரணம், நோயைக் கண்டுபிடிக்கிற நேரம். ஜப்பானில் ஒரு காலத்தில் ஆட்களைக் கொன்ற புற்றுநோய்களில் இதுதான் முதலாவது. ஆகையால் அவர்கள் நோய் வரட்டும் என்று காத்திருக்கவில்லை, தேடிப் போனார்கள். 1950இல் உஜி தத்சுரோ என்ற சத்திரசிகிச்சை வைத்தியரும் ஒலிம்பஸ் கம்பனியின் பொறியியலாளரும் சேர்ந்து, குழாயின் நுனியில் விழுங்கக்கூடிய ஒரு குட்டிக் கமராவைச் செய்தார்கள். உங்கள் அப்பாவின் தொண்டைக்குள் போன கமராவுக்கு அதுதான் பாட்டன். 1960களில் மியாகி என்ற மாகாணத்தில் எக்ஸ்ரே இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரூராகப் போனார்கள். சுகமாக இருக்கிற ஆட்களைக் கூப்பிட்டு, சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒன்றைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். வயிற்றுக்குத்து, வாந்தி என்று எதுவுமே இல்லாதவர்கள் அவர்கள்! 1983இல் அது நாடு முழுவதுக்கும் வந்தது. கொரியாவில் 40 வயது தாண்டினவர்களை இரண்டு வருடத்துக்கு ஒருதடவை கூப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

இதனால் அந்த இரண்டு நாட்டிலும் பிடிபடுகிற நோயில் பாதிக்கு மேல், இரைப்பைச் சுவரின் மேற்படையில் மட்டும் நிற்கிற ஆரம்ப நோய். அந்த நிலையில் பிடித்தால் 100க்கு 90க்கு மேல் தப்புகிறார்கள். சிலருக்கு வயிற்றை வெட்டவே தேவையில்லை, கமராவுக்குள்ளாலேயே செதுக்கி எடுத்துவிடுகிறார்கள். மேற்கில் ஆரம்ப நோயாகப் பிடிபடுவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்றுதான். அவர்களுக்கு இந்த நோய் குறைவு. குறைவான நோயை வண்டி பிடித்துத் தேடிப்போக யாரும் செலவழிக்கப் போவதில்லை. நோய் மலிந்த நாட்டில் தப்புகிறவர்கள் அதிகம், நோய் அரிதான நாட்டில் குறைவு என்கிற விசித்திரம் இப்படித்தான் வருகிறது.

எங்கள் பக்கத்தை யோசித்துப் பாருங்கள். இலங்கையிலும் இரைப்பைப் புற்றுநோய் குறைவு. ஆண்களுக்கு வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது, காரணம் வெற்றிலையும் புகையிலையும். ஆகவே வயிறு எரிகிறது என்று வருகிறவரைப் பார்த்து எங்களுக்கும் முதலில் காஸ்ட்ரிக்தான் ஞாபகம் வரும். வன்னியில் காஸ்ட்ரிக் இல்லாத வீடு எது? ஒமெப்ரசோல் அட்டை சாமிப்படத்துக்குப் பக்கத்தில் செருகியிருக்கும்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானே அந்தப் பிழையை விட்டிருக்கிறேன். வன்னியில் ஒரு சின்ன வைத்தியசாலையில் இருந்த காலம். வெளிநோயாளர் பிரிவில் காலையில் நூறு பேர் நிற்பார்கள். ஒரு கடற்றொழிலாளி, 50 வயதுக்கு மேல், மேல்வயிற்றைத் தடவிக்கொண்டு வருவார். நான் நிமிர்ந்தும் பார்க்காமல் ஒமெப்ரசோல் எழுதுவேன். அடுத்த மாதம் வந்து, நல்ல சுகம் டொக்டர் என்பார். திரும்பவும் எழுதுவேன். நாலாவது தடவை வந்தபோது அவருடைய சாரத்தின் முடிச்சைக் கண்டேன். முன்பு இடுப்பில் இறுகி நின்ற சாரம் இரண்டு சுற்று மடித்துச் செருகியிருந்தது. அன்றைக்குத்தான் கண்மடலை இழுத்துப் பார்த்தேன், வெளிறிக் கிடந்தது. அந்தக் குளிசையிடம் ஒரு பொல்லாத குணம் இருக்கிறது. அமிலம் குறைந்ததும் புற்றுநோய்ப் புண்ணின் மேற்பக்கம்கூடச் சிலவேளை தற்காலிகமாக ஆறிவிடும். நோயாளிக்கும் சுகம், வைத்தியருக்கும் திருப்தி, உள்ளே அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். 50 வயதுக்கு மேல் புதிதாக வயிற்றெரிவு தொடங்கினால், அல்லது எந்த வயதிலும் மெலிவு, இரத்தச்சோகை, தார் மாதிரிக் கறுத்த மலம், விழுங்கச் சிக்கல், திரும்பத் திரும்ப வாந்தி, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிரம்புவது இருந்தால், அடுத்த அட்டை குளிசை வாங்கமுன் கமரா விடவேண்டும். உங்கள் சின்னம்மாவும் அயலவர்களும் இந்தப் பந்தியை வாசித்தால் போதும்.

இரண்டாவது, பெயரில் இருக்கிற குழப்பம். 1990களில் ஜப்பானிய நோயியலாளர்களுக்கும் மேற்கத்தியவர்களுக்கும் இரைப்பையில் கிள்ளி எடுத்த துண்டுகள் ஒட்டின ஒரே கண்ணாடித்தட்டுகளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஜப்பானியர் "புற்றுநோய்" என்று எழுதின பல இடங்களில் மற்றவர்கள் "இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, அதற்கு முந்தின மாற்றம்" என்று எழுதினார்கள். கலங்களின் முகத்தைப் பார்த்தே ஜப்பானியர் பெயர் வைத்துவிடுவார்கள். மேற்கத்தியவர்களுக்கு அவை சுவருக்குள் இறங்கினதைக் காணவேண்டும். பிறகு வியன்னாவில் கூடி ஒரு பொதுவழி பேசினார்கள். எப்படியோ, கொல்லாத நிலையிலேயே புற்றுநோய் என்று எண்ணினால் தப்பினவர் தொகை தானாக ஏறும். ஜப்பானின் 60இல் இதற்கும் ஒரு பங்கு உண்டு, சின்னப் பங்குதான்.

மூன்றாவதுதான் உங்கள் அப்பாவுக்கு உதவப்போவது. கத்தியின் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரைப்பைப் புற்றுநோய் முதலில் பரவுவது பக்கத்திலிருக்கிற நிணநீர்க் கணுக்களுக்கு, அதாவது உடம்பின் நீரை வடிகட்டுகிற சின்ன முடிச்சுகளுக்கு. இரைப்பையை ஒட்டி ஒரு வரிசை இருக்கிறது. அதற்கு வெளியே கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிற நாடிகளின் கரையில் இன்னொரு வரிசை. முதல் வரிசையோடு நிறுத்தினால் சின்ன ஒப்பரேசன், இரண்டையும் எடுத்தால் பெரியது. ஜப்பானியர் 1960களிலிருந்தே இந்தக் கணுக்கள் நிற்கிற இடங்களுக்கு இலக்கம் போட்டு, இரண்டு வரிசையையும் எடுத்துப் பழகினவர்கள். ஒப்பரேசன் முடிந்த பிறகும் அவர்களுடைய வேலை முடியாது. வெட்டி எடுத்த இரைப்பையைப் பலகையில் விரித்து, அதோடு வந்த மஞ்சள் கொழுப்பைச் சத்திரசிகிச்சை வைத்தியரே விரலால் நசுக்கி நசுக்கிக் கணுத் தேடுவார். சிலது பயறளவு, சிலது கடுகளவு. எந்த நாடிக்கரையில் கிடைத்ததோ அந்த இலக்கத்துக்குள் போடுவார். இப்படித் தேடினால் முப்பது நாற்பது கணுக்கள் கிடைக்கும். மற்ற இடங்களில் முழுத்துண்டும் போமலின் வாளிக்குள் போய் ஆய்வுகூடத்தில் வரிசையில் நிற்கும். அங்கே கைக்கு ஓய்வில்லாத ஒருவர் ஏழெட்டைக் கண்டுபிடித்துவிட்டு மூடிவிடலாம்.

ஐரோப்பியர், அந்தப் பெரிய ஒப்பரேசன் உண்மையில் உதவுகிறதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1989 முதல் 1993 வரை ஒல்லாந்தில் 711 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்குச் சின்னது, மறுபகுதிக்குப் பெரியது செய்தார்கள். சசாகோ என்ற ஜப்பானிய நிபுணர் அங்கே போய்ப் பக்கத்தில் நின்று பழக்கினார். முடிவு அடிவயிற்றைக் கலக்கியது. சின்ன ஒப்பரேசனுக்குப் பிறகு வைத்தியசாலையை விட்டுப் போகமுன்பே இறந்தவர்கள் 100க்கு 4, பெரியதுக்குப் பிறகு 10. மண்ணீரலையும் கணையத்தின் வாலையும் சேர்த்து எடுத்ததும் கை பழகாததும் முக்கியமான காரணங்கள். ஜப்பானில் இதே அளவு ஒப்பரேசனில் இறப்பு 100க்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒல்லாந்தர் அந்த நோயாளிகளை 15 வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 2010இல் திரும்ப எண்ணிப் பார்த்தபோது, இந்தப் புற்றுநோயாலேயே இறந்தவர்கள் சின்ன ஒப்பரேசன் பக்கம் 100க்கு 48, பெரியதன் பக்கம் 37. ஆக ஜப்பானியர் சொன்னது சரி, ஆனால் பழகின கை வேண்டும். இன்றைக்கு மண்ணீரலையும் கணையத்தையும் தொடாமல் இரண்டு வரிசைக் கணுக்களையும் எடுப்பது உலகம் முழுக்க ஏற்ற முறை. இலங்கையில் பயிற்சி பெற்று வருகிற எங்கள் பிள்ளைகளும் அதைத்தான் படித்து வருகிறார்கள்.

கணு எண்ணுவதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரு பள்ளிக்கூடத்தில் ஏ வகுப்பு, பி வகுப்பு என்று வையுங்கள். ஏ வகுப்பில் கடைசியில் நிற்கிற நாலு பிள்ளைகளை பி வகுப்புக்கு மாற்றினால் என்ன நடக்கும்? ஏ வகுப்பின் சராசரி ஏறும். அந்த நாலு பேரும் பி வகுப்பில் கெட்டிக்காரராக இருந்தால் பி வகுப்பின் சராசரியும் ஏறும். எந்தப் பிள்ளையும் முன்பைவிட ஒரு புள்ளிகூட அதிகமாக எடுக்கவில்லை, ஆனால் அதிபர் இரண்டு வகுப்பையும் காட்டிப் பெருமைப்படலாம். நாற்பது கணுவைத் தேடுகிறவர் ஒளிந்திருக்கிற நோயைக் கண்டு, நோயாளியை இரண்டாம் நிலையிலிருந்து, நோய் கூடப் பரவின மூன்றாம் நிலைக்குத் தள்ளுகிறார். ஏழு கணுவோடு நிறுத்தினவர் அதே ஆளை இரண்டாம் நிலை என்கிறார். ஆகவே "ஜப்பானில் மூன்றாம் நிலை, அமெரிக்காவில் மூன்றாம் நிலை" என்று அண்ணா பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறபோது இரண்டும் ஒரே ஆட்கள் இல்லை.

நாலாவது, புண் இருக்கிற இடம். பயிற்சிக்காக ஒரு வருடம் இங்கிலாந்தில் இருந்தபோது நான் கண்ட நோயாளிகளில் பலருக்கு நோய் இரைப்பையின் வாசலில், உணவுக்குழாய் சேருகிற இடத்தில் இருந்தது. கனத்த உடம்பு, வருடக்கணக்கான நெஞ்செரிவு, வயதும் கூட. வயிற்றைத் திறந்தால் கொழுப்புக்குள் நாடியைத் தேடுவதே அரைநாள் வேலை. வாசற்பக்க நோய் பொல்லாதது, ஒப்பரேசனும் கடினம். கிழக்கே கீழ்ப்பக்க நோய்தான் கூட. உங்கள் அப்பாவுடையதும் கீழ்ப்பக்கம், ஆளும் வயலில் இறுகின மெல்லிய உடம்புக்காரர். அவருக்குச் சாதகமான இரண்டு விடயங்கள் இவை. மேல்பக்கத்து இரைப்பையில் ஒரு பங்கை மிச்சம் வைக்க முடியும் என்பதால் பிறகு சாப்பிடுவதும் இலகு.

இவ்வளவையும் கழித்த பிறகு ஏதாவது மிஞ்சுகிறதா? கொஞ்சம் மிஞ்சுகிறது. நியூயோர்க் நோயாளிகளையும் சியோல் நோயாளிகளையும், நிலை, இடம், வயது எல்லாம் சரிக்கட்டி ஒப்பிட்டவர்கள் கொரியர் அப்போதும் கொஞ்சம் முன்னுக்கு நிற்பதைக் கண்டார்கள். அமெரிக்காவில் வாழ்கிற ஆசியர்களும் அங்குள்ள வெள்ளையரைவிடக் கொஞ்சம் மேல். மருந்தை உடம்பு ஏற்கிற விதத்திலும் வித்தியாசம் உண்டு. ஜப்பானில் ஒப்பரேசனுக்குப் பிறகு கொடுக்கிற எஸ்-1 என்ற குளிசையை மேற்கத்தியரின் உடம்பு வேகமாக மாற்றிவிடுவதால், அதே அளவு கொடுத்தால் வயிற்றோட்டத்தில் படுத்துவிடுவார்கள்.

இதைப் பிடித்துக்கொண்டு மச்சான் துள்ளவேண்டாம். வரைபடத்தில் நாங்கள் ஆசியாவுக்குள் இருக்கிறோம், அவ்வளவுதான். இந்தியாவும் ஆசியாதான், அங்குள்ள பதிவேடுகளில் இந்த நோயில் தப்பினவர் கணக்கு ஐரோப்பாவைவிடக் கீழே. பிந்தி வருவதுதான் காரணம். இரைப்பையில் குடியிருக்கிற ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமியும் ஜப்பான், கொரியாப் பக்கத்தில் வேறொரு வகை, கூடப் பொல்லாதது. எங்களுடைய நோய் குறைவு, எங்களுடைய கிருமி வேறு, எங்களுடைய சோதனைப் பழக்கமும் வேறு. ஜப்பானுக்கும் எங்களுக்கும் சோறு தின்பதைத் தவிர இந்த விடயத்தில் பெரிய சொந்தம் இல்லை.

அப்போ எந்தக் கணக்கு உங்களுடையது? நாட்டுக் கணக்கு எதுவும் இல்லை. அப்பாவின் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் அவருடைய கணக்கு. அமெரிக்காவிலேயே, இரைப்பைக்குள் மட்டும் நிற்கிறபோது பிடித்தால் முக்கால்வாசிப் பேர் 5 வருடம் தாண்டுகிறார்கள். பக்கத்துக் கணுவுக்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு, தூரத்து உறுப்புக்குப் போனால் 100க்கு 10 பேருக்கும் கீழே. ஒரே நாட்டுக்குள் இருக்கிற இந்த இடைவெளியை ஜப்பானுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலுள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பாவுக்குத் தூரம் பரவவில்லை என்று ஸ்கான் சொல்கிறது. ஆனால் 9 கிலோ மெலிவும் வயிறு நிரம்புவதும், இது மேற்படையோடு நிற்கிற நோய் இல்லை என்று எனக்குச் சொல்கின்றன. அதாவது நடுவில் இருக்கிறார். குணப்படுத்தலாம் என்ற நோக்கத்தோடுதான் வைத்தியர்கள் திட்டம் போட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் ஒப்பரேசன் பேச்சே வந்திராது. சரியான நிலை ஒப்பரேசனுக்குப் பிறகு வருகிற அறிக்கையில்தான் தெரியும்.

அவர்கள் போட்ட திட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். முதலில் கீமோ, பிறகு ஒப்பரேசன், பிறகும் கீமோ. இது ஐரோப்பாவின் வழி. ஆரம்ப நோய் கிடைக்காத நாடுகள், பிந்தி வருகிறவர்களை எப்படித் தப்பவைப்பது என்று தேடிக் கண்டுபிடித்தது. 2006இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஆய்வில் ஒப்பரேசன் மட்டும் செய்தவர்களில் 5 வருடம் தாண்டினவர்கள் 100க்கு 23, முன்னும் பின்னும் கீமோ கொடுத்தவர்களில் 36. 2019இல் ஜேர்மன்காரர் அதைவிட நல்ல கூட்டு மருந்தைக் காட்டினார்கள்; பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒருதடவையாக முன்னுக்கு நாலு, பின்னுக்கு நாலு. அப்பாவுக்குக் கிடைக்கப்போவது ஐரோப்பிய மருந்தும் ஜப்பானியக் கத்தியும். கிழக்கையும் மேற்கையும் அவர் விசுவமடுவிலிருந்தே வாங்கப்போகிறார், காசும் இல்லாமல்.

ஆகவே காணியை விற்காதீர்கள். இது என்னுடைய அபிப்பிராயம். அண்ணா கோபித்தால் கோபிக்கட்டும். விசிற்றர் விசாவில் போகிறவருக்குக் கனடாவில் இலவச வைத்தியம் கிடையாது. சென்னையில் கெட்டித்தனமான வைத்தியர்கள் இருக்கிறார்கள், ஆனால் இந்தக் கீமோவுக்கு ஆறேழு மாதம் விட்டு விட்டு நிற்கவேண்டும், வாடகை அறையில், மொழி தெரிந்தாலும் ஊர் தெரியாமல். பாஸ்போட், விசா என்று ஓடுகிற ஒன்றரை மாதத்தில் இங்கே இரண்டு தடவை மருந்து ஏறியிருக்கும். தெல்லிப்பழையில் புற்றுநோய்க்கென்று வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்து காசு சேர்த்துக் கட்டினது அது. முன்பு கொழும்புப் பக்கத்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ் ஏறின சனம் இன்றைக்குப் பின்னேரம் வீடு திரும்புகிறது. அண்ணாவுக்கு உதவ ஆசை என்றால் போக்குவரத்துக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் மாதாமாதம் அனுப்பட்டும். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் இடிபடாமல் ஒரு வாகனம் பிடித்துப் போனாலே பெரிய உதவி.

ஒப்பரேசன் செய்யப்போகிறவரிடம் நீங்கள் கேட்கவேண்டியது, இரைப்பை ஒப்பரேசன் அவர் வழமையாகச் செய்கிறாரா என்பது. கேட்கக் கூச்சப்படவேண்டாம். எப்போதாவது ஒன்று செய்கிறவராக இருந்தால், அடிக்கடி செய்கிறவருக்கு ஒரு கடிதம் தரச்சொல்லி அவரிடமே கேளுங்கள். நல்ல வைத்தியருக்கு அதில் மானப்பிரச்சினை வராது. ஒப்பரேசன் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் நோயியல் அறிக்கை வரும். அதில் எத்தனை கணு பார்த்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது, வெட்டின விளிம்பில் நோய் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்த கணு 16க்குக் குறையக்கூடாது. குறைந்தால், துண்டு இன்னும் ஆய்வுகூடத்தில் இருந்தால் திரும்பத் தேடச்சொல்லி உங்கள் வைத்தியரிடம் கேட்கலாம். சிலவேளை கிடைக்கும்.

இடைப்பட்ட காலத்தில் உங்கள் வேலை சமையலறையில். மெலிந்த உடம்புக்குக் கீமோவும் தாங்காது, தையலும் ஆறாது. நாலு கவளம்தான் இறங்குகிறது என்றால் அந்த நாலு கவளத்துக்குள் சத்தை வையுங்கள். வெறுஞ்சோறும் இரசமும் வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. முட்டை, முள்ளெடுத்த மீன், பால், தயிர், பயறு. கஞ்சி என்றால் தேங்காய்ப்பால் விட்டது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், சின்னக் கிண்ணத்தில். கான்சர் என்றதும் மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி நோயாளியைப் பட்டினி போடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது, அதை வீட்டுக்குள் விடாதீர்கள். சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகப் போகத் தொடங்கினால் வழி அடைபடுகிறது என்று அர்த்தம், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் கொண்டுபோங்கள். கீமோ காலத்தில் காய்ச்சல் 38 பாகைக்கு மேல் போனாலும் அப்படித்தான். பரசிட்டமோலைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கவேண்டாம், அந்த இரவே வைத்தியசாலை. ஒப்பரேசனுக்குப் பிறகு சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரைமணி தள்ளிக் குடிக்கவேண்டும், சீனி போட்ட தேத்தண்ணியையும் பாயாசத்தையும் குறைக்கவேண்டும். இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கினால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றும். சிலருக்கு இரும்புச்சத்தும் பி12 ஊசியும் தேவைப்படும். சுருட்டோ வெற்றிலையோ இருந்தால் இன்றைக்கே விடச்சொல்லுங்கள்.

சின்னம்மாவுக்கு: கத்தி வைத்ததால் பரவினது என்று ஊரில் சொல்கிற கதைகளில் அனேகமானவை, முன்பே பரவினதைத் திறந்த பிறகு கண்டு மூடின கதைகள். கத்தி குற்றவாளி இல்லை.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பயொப்சியில் ஹெலிகோபக்டர் இருந்ததா என்று கேளுங்கள். நீங்களும் அண்ணாவும் மற்றச் சகோதரங்களும் அந்தக் கிருமிக்கான சோதனையைச் செய்வது நல்லது. மலத்திலோ ஊதும் காற்றிலோ பார்க்கலாம். இருந்தால் இரண்டு வாரக் குளிசை. கொரியாவில் இந்த நோய் வந்தவர்களின் பிள்ளைகள், சகோதரங்கள் என்று கிருமி இருந்த 1,676 பேரைச் சுமார் 9 வருடம் பார்த்தார்கள். மருந்து கொடுத்தவர்களில் நோய் வந்தது 100க்கு 1.2 பேருக்கு, கொடுக்காதவர்களில் 2.7. பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. உப்பில் ஊறினதும் புகை போட்டதும் தினமும் தின்றால் இந்த நோய்க்கு வழி விடும், அதனால் கருவாட்டைத் தினக்கறியாக வைக்காதீர்கள். கருவாட்டைக் கண்ணில் காட்டவே வேண்டாம் என்று வன்னியிலிருந்து எழுத எனக்கு மனம் வராது.

மிச்சம் இருப்பது, அப்பாவுக்குச் சொல்வது. மறைத்தால் தாங்குவார் என்று நினைக்கிறீர்கள். 61 வயது மனிதர், போர் கண்டவர், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து திரும்ப வந்து வயலை உழுதவர். வீட்டில் எல்லோரும் குசுகுசுப்பதும் தன்னைக் கண்டதும் பேச்சு நிற்பதும் அவருக்குத் தெரியாது என்றா எண்ணுகிறீர்கள்? எல்லாக் கணக்கையும் கொட்டத் தேவையில்லை. இரைப்பையில் புற்றுநோய் இருக்கிறது, தூரப் பரவவில்லை, மருந்தும் ஒப்பரேசனும் இருக்கிறது, கஷ்டமான ஆறேழு மாதம் என்று சொல்லுங்கள். பிறகு அவர் கேட்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். சிலர் ஒன்றுமே கேட்கமாட்டார்கள், அடுத்த போகத்துக்கு விதைநெல் யார் எடுத்து வைப்பது என்றுதான் கேட்பார்கள். முதல் கீமோவுக்குப் போகமுன் சொல்லிவிடுங்கள். அந்த வாசலில் புற்றுநோய் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும், அப்பாவுக்கு வாசிக்கத் தெரியும்.